ஹைட்ராலிக் தண்டிலிருந்து ஒரு 9-பவுண்டர்

அமெரிக்காவில் சிலர் பழைய ராணுவத் துப்பாக்கிகளின் குழாய்களை வாங்கி, வேண்டிய நீளத்துக்கு அறுத்து, குழாயின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் கைத்துப்பாக்கி செய்கிறார்கள். குழாயும், குண்டைச் சுழலவைக்க அதன் உள்ளே வெட்டிய வரிகளும் ஏற்கெனவே தயாராக இருக்கும். பின்பக்கத்தை அடைத்து, விசை பொருத்தி, கட்டைக்குப் பிடி செதுக்கினால் வேலை முடிந்தது. அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்குப் பிடித்தது சுடுகிற சமாச்சாரம் அல்ல. வேறொரு காலத்தில், வேறொரு வேலைக்கு, கணக்காகச் செய்யப்பட்ட இரும்பை எடுத்து அதற்கு இன்னொரு உருவம் கொடுப்பதுதான் பிடித்தது.

சிங்கப்பூரில் கைத்துப்பாக்கி செய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. உரிமம் இல்லாமல் வைத்திருந்தாலே பெரிய குற்றம். ஆளைக் காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டால் 1973-ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டத்தின்படி மரண தண்டனை. சட்டம் இப்படி இருப்பதில் எனக்கு முழுச் சம்மதம். அதனால் நான் கைத்துப்பாக்கி பக்கமே போகவில்லை. கோட்டைப் பீரங்கி ஒன்றின் மாதிரியை, எட்டில் ஒரு பங்கு அளவில், முழுக்கத் திட இரும்பில் கடைவது என்று முடிவு செய்தேன். குழாயே கிடையாது. வாயில் 10 மி.மீ. ஆழத்துக்கு ஒரு குழி, பார்வைக்கு மட்டும். திரி வைக்கும் துளை இருக்க வேண்டிய இடத்தில் சென்டர் பஞ்ச் என்ற கூர் ஆணியால் தட்டிய ஒரு புள்ளி. பட்டறை மேலாளரிடம் இதையெல்லாம் வரைபடத்தோடு காட்டி அனுமதி வாங்கிய பிறகுதான் லேத்தை, அதாவது கடைசல் இயந்திரத்தைத் தொட்டேன்.

நான் எடுத்துக்கொண்டது 9-பவுண்டர், அதாவது ஒன்பது பவுண்டு எடையுள்ள குண்டைச் சுடும் பீரங்கி. ஏன் 9-பவுண்டர்? கானிங் கோட்டைப் பூங்காவில் இரண்டு 9-பவுண்டர் பீரங்கிகள் நிற்கின்றன. நினைத்தபோது போய்ப் பார்க்கலாம், இலவசம். 1859-இல் தொடங்கி 1861-இல் முடித்த கோட்டை அது. பிற்காலத்தில் இடித்துவிட்டார்கள். வாயிலும் சுவரில் கொஞ்சமும் மிஞ்சியிருக்கின்றன. செந்தோசாவில் சிலோசோ கோட்டையில் இதைவிடப் பெரிய, உள்ளே வரி வெட்டிய, வாய்வழி கெட்டிக்கும் 7 அங்குலப் பீரங்கி இருக்கிறது. அதன் குண்டில் சிறு குமிழ்களைப் பதித்து, அவை குழாயின் வரிகளில் ஓடும்படி செய்திருப்பார்கள். எஃகுக் குழாயின் மேல் தேனிரும்புச் சுருள்களைச் சூடாக்கி இறுக்கிய அமைப்பு. அதுவும் ஆசைதான். ஆனால் அதன் இரும்பு வண்டி தனி வேலை. முதல் முயற்சிக்கு வார்ப்பிரும்பு 9-பவுண்டரும் மர வண்டியும் போதும் என்று பட்டது.

கணக்கு எளிது. பிரிட்டிஷ் 9-பவுண்டரின் குண்டு 4 அங்குலம், குழாயின் உள்விட்டம் 4.2 அங்குலம். இடையில் உள்ள 0.2 அங்குலம் குண்டு சிக்காமல் இறங்குவதற்கான இடைவெளி. வெடிக்கும்போது புகை வீணாக வெளியேறுவதும் அந்த வழியாகத்தான். இந்தப் பீரங்கிகளைப் பல நீளங்களில் வார்த்தார்கள். நான் எடுத்துக்கொண்டது 7 அடி. எட்டால் வகுத்தால் உள்விட்டம் 13.3 மி.மீ., நீளம் 267 மி.மீ. நீளம் என்பது பின்வளையத்திலிருந்து வாய் வரை. பின்னால் துருத்தும் குமிழ் கணக்கில் சேராது. குமிழையும் சேர்த்து எனக்கு 300 மி.மீ. இரும்பு வேண்டும், மிகத் தடித்த இடத்தில் விட்டம் 44 மி.மீ.

துவாஸ் பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைகளில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், ஸ்கிராப் தொட்டி ஒரு புதையல். எனக்குக் கிடைத்தது, எண்ணெய் அழுத்தத்தால் நீண்டு சுருங்கும் ஹைட்ராலிக் சிலிண்டரின் 50 மி.மீ. தண்டில் ஒரு துண்டு. கிரேனிலோ கப்பலின் மூடியிலோ பல வருடம் உழைத்திருக்கும். குரோம் பூச்சு ஓரிடத்தில் உரிந்து உப்புக்காற்று தின்ற குழி விழுந்ததால் ஒதுக்கிவிட்டார்கள்.

இங்கேதான் நான் எல்லாரிடமும் வலியுறுத்தும் விஷயம் வருகிறது. பழைய இரும்பில் கத்தி வைக்கும் முன் அது என்ன இரும்பு, என்ன பட்டிருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். புதுத் துண்டு என்றால் சான்றிதழ் வரும். பழையதற்கு நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நிஜக் குழாயை வெட்டித் துப்பாக்கி செய்கிறவர்களுக்கு இது உயிர் போகிற விஷயம். லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637-இலிருந்தும் பர்மிங்காமில் தனிச் சோதனைக்கூடம் 1813-இலிருந்தும் குழாய்களில் வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை குத்துகிறார்கள். அந்த முத்திரை அந்தக் குழாய் அன்று இருந்த நிலைக்குத்தான். அறுத்து, பின்பக்கம் புதிதாக அடைத்த பிறகு பழைய முத்திரைக்கு மதிப்பில்லை. மறுபடி சோதிக்க வேண்டும். கடைசலுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஈயமோ கந்தகமோ சேர்த்த இரும்பில் குழாய் செய்யலாமா என்று துப்பாக்கி செய்கிறவர்களிடையே இன்றும் சண்டை நடக்கிறது. செய்யக்கூடாது என்கிற கட்சிதான் நான். வெட்டச் சுலபமான இரும்பு திடீர் அடியைத் தாங்குவதில் பலவீனம்.

என் துண்டு வெடிக்கப் போவதில்லை. இருந்தாலும் விசாரணை அதேதான். ஹைட்ராலிக் தண்டுகள் பெரும்பாலும் நடுத்தரக் கரி எஃகு, மேலே கெட்டிக் குரோம். குரோம் மெல்லியது, 25 மைக்ரான் அளவில் இருக்கும். ஆனால் சில தண்டுகளுக்குக் குரோமின் அடியில் மின்தூண்டல் முறையில் சூடாக்கிக் கெட்டிப்படுத்திய தோல் ஒன்றும் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், ஒரு நல்ல அரம் போதும். தண்டின் அறுத்த முகத்தை வைஸில் நிறுத்தி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி அரத்தை மெதுவாகத் தள்ளினேன். நடுவில் அரம் கடித்தது, சாம்பல் நிறப் பொடி விழுந்தது. விளிம்புக்குச் சற்று முன் சத்தம் மாறிற்று. கரகரப்பு போய், கண்ணாடியில் இழுத்த மாதிரி வழுக்கிக்கொண்டு கீச்சென்றது. அங்கே அரம் ஒரு கீறல்கூடப் போடவில்லை. பளபளப்பான அந்த வளையத்தின் அகலம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். ஆக, கெட்டித் தோல் இருக்கிறது.

இதைச் சிவக்கக் காய்ச்சி ஆறவைத்து மிருதுவாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். குரோம் பூசிய இரும்பைச் சிவக்கக் காய்ச்சவும் வேண்டாம், கிரைண்டரில் வைத்துத் தேய்க்கவும் வேண்டாம். வரும் புகையும் தூசும் நுரையீரலுக்கு ஆகாது. எங்கள் பட்டறையின் மூத்த டர்னர் அண்ணன் சொன்ன வழி வேறு: “தம்பி, தோலை மேலே சுரண்டாதே. முதல் கட்டிலேயே தோலுக்கு அடியில் இறங்கிடு.” கார்பைடு முனை போட்டு, வேகத்தைக் குறைத்து, 2 மி.மீ. ஆழத்தில் ஒரே கட். முனையின் நுனி மிருதுவான உள்இரும்பில் போகிறது. கெட்டித் தோல் அடியிலிருந்து பெயர்ந்து வருகிறது. சுருள் நீளமாக வராமல் ஒடிந்து ஒடிந்து, நீலம் பாய்ந்து, தெறித்து விழுந்தது. முகம் முழுக்க மறைக்கும் கவசம் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. தண்டு 46 மி.மீ.க்கு வந்ததும் அரம் எங்கே வைத்தாலும் கடித்தது. அதன்பின் சாதாரண இரும்புதான்.

கடைசலில் வெட்டுகிற இடத்தின் சூடு கைக்கு எட்டும்போது ரம்ஃபோர்டு பிரபுவை நினைக்காமல் இருக்க முடியாது. மியூனிக்கில் பீரங்கி குடைவதை மேற்பார்வை பார்த்தவர் அவர். மொண்ணையான முனையை வைத்துக் குடையச் சொல்லி, பீரங்கியைத் தண்ணீரில் மூழ்கவைத்து, நெருப்பே இல்லாமல் அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் காட்டினார். வெப்பம் என்பது ஏதோ ஒரு திரவம் அல்ல, அது அசைவு என்று 1798-இல் அவர் எழுதியது இந்த வேலையிலிருந்து வந்தது. இன்னொன்றும் உண்டு. 1774-இல் ஜான் வில்கின்சன் பீரங்கி குடைய ஒரு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த வழியில் வந்த துல்லியமான குடைசல்தான் ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரத்துக்குச் சரியான சிலிண்டரைக் கொடுத்தது. நாங்கள் தினமும் கப்பல் பம்புக்கும் வால்வுக்கும் சிலிண்டர் குடைகிறோம். அந்தத் தொழிலின் வேர் இங்கே இருக்கிறது என்று எங்கள் பயிற்சி வகுப்பில் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

சரி, உருவத்துக்கு வருவோம். பழைய பீரங்கியை வரைய 18-ஆம் நூற்றாண்டில் ஒரு வாய்ப்பாடு இருந்தது. நீளத்தை ஏழு பங்காக்கு. பின்பகுதி இரண்டு பங்கு. நடுப்பகுதி ஒரு பங்கும் கூடவே ஒரு உள்விட்டமும். மிச்சம் முன்பகுதி. எனக்கு முறையே 76, 51, 140 மி.மீ. பின்பகுதியை 42-இலிருந்து 40-க்கும், நடுவை 38-இலிருந்து 36-க்கும், முன்பகுதியை 33-இலிருந்து 26-க்கும் சரித்தேன். வாய் அருகே கடைசி 20 மி.மீ. மறுபடி விரியும். ஒவ்வொரு பகுதியும் அடுத்ததோடு சேருமிடத்தில் ஒரு படியும் ஒரு வளையமும்.

இந்தப் படிகள் அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன். கடையும்போதுதான் புரிகிறது. மருந்து பற்றும் இடத்தில் அழுத்தம் உச்சம். குண்டு நகர நகரப் புகைக்கு இடம் கூடி அழுத்தம் குறையும். அதனால் இரும்பு பின்னால் கனமாகவும் முன்னால் மெலிந்தும் இருக்கிறது. அழுத்தத்தை அளக்க வழியில்லாத காலத்தில் அனுபவத்தால் வந்த கனங்கள் அவை. பிற்காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் டால்கிரன் அழுத்தத்தைச் சோதித்துப் பார்த்து, படிகளையும் வளையங்களையும் எடுத்துவிட்டு, பின்னால் உருண்டு முன்னால் சரியும் வழுவழுப்பான பீரங்கியைக் கொண்டுவந்தார். அதைச் சோடா புட்டி என்றே அழைத்தார்கள். கண்ணுக்கு எனக்குப் பழைய படிகள்தான் அழகு.

வரிசை முக்கியம். பீரங்கியின் இரு பக்கமும் துருத்தி நின்று வண்டியில் உட்காரும் அச்சுக் குமிழ்களுக்கான துளையை, தண்டு நேர் உருளையாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். சரிவு கடைந்த பிறகு, உருளையைத் தாங்கும் பள்ளமுள்ள வி-பிளாக்கில் நேராக உட்காராது. இடம், பின்வளையத்திலிருந்து ஏழில் மூன்று பங்கு, அதாவது 114 மி.மீ. அது எடைமையத்துக்குச் சற்று முன்னால் விழும்; அதனால் பின்பக்கம் எப்போதும் கனத்து, அடியில் வைத்த ஆப்பின் மேல் அமர்ந்திருக்கும். ஆப்பை உள்ளே தள்ளினால் வாய் தாழும், வெளியே இழுத்தால் உயரும். குமிழின் விட்டமும் துருத்தும் நீளமும் ஒரு உள்விட்ட அளவு. துளையைத் துல்லியமாக்கும் ரீமர் எனக்கு 13 மி.மீ. அளவில் கையில் இருந்ததால் 13. துளையை நடுவரைக்குச் சற்றுக் கீழே போட்டேன். பழைய பீரங்கிகளில் அப்படித்தான்.

துளை போட்ட தண்டைக் கடையும்போது டூல் ஒவ்வொரு சுற்றிலும் துளையின் விளிம்பில் இடிக்கும். முனையும் போகும், விளிம்பும் நசுங்கும். அதற்கு ஒரு மிருதுவான இரும்புத் தக்கையை இறுக்கி அடைத்துவிட்டு, தக்கையோடு சேர்த்தே கடைந்தேன். முடிந்ததும் தக்கையைத் தட்டி எடுத்து, அச்சுக் குமிழ்களாக நிற்கப்போகும் உருளைக் கம்பியைத் துளையைவிட 0.02 மி.மீ. பெரிதாகக் கடைந்து, பிரஸ்ஸில் அழுத்தி ஏற்றினேன். பசை எதுவும் வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

முன்பகுதியின் சரிவு 120 மி.மீ. நீளம். எங்கள் லேத்தில் டூலைச் சாய்வாக நகர்த்தும் சிறு ஸ்லைடு அவ்வளவு தூரம் ஓடாது. தண்டின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கைப் பக்கவாட்டில் விலக்கிக் கடைய வேண்டியதுதான். மொத்த நீளம் 300, விட்ட வித்தியாசம் 7, சரிவின் நீளம் 120. 300-ஐ 7-ஆல் பெருக்கி, 120-இன் இரட்டிப்பால் வகுத்தால் 8.75 மி.மீ. விலக்கம். டயல் கேஜ் வைத்து நகர்த்தினேன். இந்த நிலையில், தாங்கும் கூர்முனை பதியும் சென்டர் துளை சாய்வாக உட்காரும், சீக்கிரம் தேயும். கிரீஸ் தாராளமாக வையுங்கள், அவசரப்படாதீர்கள். வளையங்களுக்கு எச்.எஸ்.எஸ். என்ற வெட்டும் எஃகில் செய்த டூல் பிட்டைக் கையாலேயே அரைவட்டமாகத் தீட்டிக்கொண்டேன்.

வண்டியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேக்கு, ஒரு பழைய கதவு நிலையிலிருந்து. பழைய சாமான் வாங்கும் கராங்குனி மாமா வைத்திருந்தார். இங்கிலாந்தில் கருவாலி மரத்தில் செய்ததை இந்தியாவில் தேக்கில் செய்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பீரங்கி வண்டிக்கென்றே தொழிற்கூடம் வைத்திருந்தது. வெயிலிலும் மழையிலும் கிடந்து மரம் உளுத்துப்போகிறது என்று சமாதானக் காலத்துக்கு வார்ப்பிரும்பு வண்டிகளும் கோட்டைகளில் பயன்பட்டன. படிப்படியாக இறங்கும் இரண்டு பக்கப் பலகை, குறுக்கே இரண்டு அச்சு, நான்கு கட்டைச் சக்கரம், முன்சக்கரம் பின்னதைவிடப் பெரிது. பழைய தேக்கில் ஆணி முறிந்து உள்ளே கிடக்கும். ரம்பம் வைக்கும் முன் காந்தம் ஓட்டிப் பாருங்கள்.

இப்போது எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி, கறுப்பேற்றுதல். பெயின்ட் அடித்தால் கடைந்த வளையங்களின் கூர்மை மழுங்கிவிடும். துப்பாக்கிக் குழாய்க்குப் பழைய கைவினைஞர்கள் செய்த முறை துருவைக் கொண்டே நிறமேற்றுவது. இரும்பில் மெல்லிய செந்துருவை வேண்டுமென்றே வரவைத்து, கொதிநீரில் வேகவைத்தால் அது கறுப்பாக மாறும். செந்துரு ஒருவகை இரும்பு ஆக்சைடு, கறுப்பு இன்னொரு வகை, காந்தக்கல்லின் அதே பொருள். கறுப்பு இரும்பை இறுகப் பற்றிக்கொள்ளும், மேற்கொண்டு துருவை அண்டவிடாது.

குளிர்நாட்டில் இதற்கு ஈரப்பெட்டி கட்டி, வெந்நீர் வைத்து, காத்திருக்கிறார்கள். நமக்கு அது வேண்டாம். சிங்கப்பூர் காற்றே போதும். அசிட்டோனால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, கையுறை போட்டுக்கொண்டு, ஹைட்ரஜன் பெராக்சைடும் வினிகரும் துளி உப்பும் கலந்த கரைசலை மெல்லியதாக ஒற்றியெடுத்தேன். ஓடவிடக்கூடாது, ஈரம் காட்டினால் போதும். கண்ணெதிரே சாம்பல் நிறம் மங்கி, ஆரஞ்சு பூத்தது. தொட்டால் பவுடர் போல வரும் அந்த மென்துருதான் வேண்டியது. சொறிசொறியாக வந்தால் கரைசல் அதிகம். கேட்டரிங்காரர்கள் சோறு வைக்கும் நீளமான எவர்சில்வர் தட்டு ஒன்றைத் தேக்கா கடைத்தெருவில் வாங்கி வைத்திருந்தேன். சமையலுக்கு அதை மறுபடி எடுக்கக்கூடாது. அதில் காய்ச்சிவடித்த நீரைக் கொதிக்கவிட்டு, பீரங்கியைக் கம்பியில் தொங்கவிட்டு இறக்கினேன். குழாய்நீரில் புள்ளி விழும்.

சில நிமிடத்தில் ஆரஞ்சு பழுப்பாகி, பழுப்பின் ஓரங்களில் கறுப்பு கசிந்து, பின் முழுக்க வெல்வெட் போன்ற கறுப்பு. வெளியே எடுத்து, எண்ணெய் இல்லாத மெல்லிய இரும்புநூலால் தேய்த்தால் மேலே இருக்கும் கரி உதிர்ந்து அடியில் சாம்பல்கறுப்பு தெரியும். மறுபடி கரைசல், மறுபடி துரு, மறுபடி கொதி. ஒவ்வொரு சுற்றிலும் கறுப்பு ஆழமாகும், மினுக்கம் போய் வார்ப்பிரும்பின் களை வரும். அச்சுக் குமிழுக்குப் பசை போடாதது இதற்குத்தான். கொதிநீரில் பசை இளகும், இடுக்கில் கசிந்த பசை இருக்கும் இடத்தில் துரு ஏறாமல் வெள்ளைக் கோடு விழும். கடைசிக் கொதிக்குப் பிறகு, சூடு ஆறுமுன் எண்ணெயில் ஊறவைத்தேன். மறுநாள் துடைத்து மெழுகு பூசினேன். வாய்க்குழியின் உள்ளே பஞ்சால் தனியாக எண்ணெய் விட வேண்டும். தண்ணீர் அங்கே தங்கும்.

இப்போது இரண்டு கிலோ எடையில் வண்டி மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆப்பை இழுத்தால் வாய் சீராக உயர்கிறது, 114 மி.மீ. கணக்கு சரி. பின்குமிழில் சுற்றிப் பக்கச் சுவரில் கட்டும் கயிறு மட்டும் பாக்கி. மூன்று புரி முறுக்கிய பருத்திக் கயிறு, 5 மி.மீ.க்குள், தேடிக்கொண்டிருக்கிறேன். நைலான் வேண்டாம், பளபளப்பு காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து சிலோசோவின் 7 அங்குலம். அதற்கு 80 மி.மீ. தண்டாவது வேண்டும், அரத்தோடு ஸ்கிராப் தொட்டிப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன்.